வாரம் ஒரு விரற்கடை

ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள் சார். எழுதுகிறவருக்குத் தாள் பறக்கிறது. எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் முத்திருளன். சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. மற்ற நேரத்தில் கதை எழுதுவேன். இறந்துபோன முகேஷ் எடுத்த பேய்ப்படத்துக்குக் கதை என்னுடையது. எங்களுக்குள் சண்டை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் திடீரென்று கத்தினால் தூக்கிவாரிப் போடும். அடுத்த நிமிடம் நாமே சிரித்துவிடுவோம். அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். தும்மல் மாதிரி, உடம்பு தானாகச் செய்கிற வேலை. நிஜமான பயம் வேறு. வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. நாம் சாப்பிடும்போது அதுவும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

என் கதையில் பேயே கிடையாது. கூடத்து மூலையில் ஒரு தேக்கு நாற்காலி. காட்சிக்குக் காட்சி அது படுக்கையறைப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். படித்துவிட்டு முகேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான். படப்பிடிப்பில் அந்த நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு, பரண்மேலிருந்து பூனை பாய்வது, கண்ணாடியில் ஒரு முகம் அலறுவது என்று எட்டு இடத்தில் வைத்தான். ஏன் என்று கேட்டேன்.

"நாற்காலி நகர்றத எவன்ணே உக்காந்து பாப்பான்? ஜனம் சீட்ட விட்டுத் துள்ளணும்" என்றான்.

துள்ளினார்கள். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் துள்ளி முடித்ததும் செல்போனை எடுத்து வாட்ஸ்அப் பார்த்தார். படம் நன்றாக ஓடியது. எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த நாற்காலியை முகேஷ் தன் வில்லாபுரம் வீட்டுக்கு எடுத்துப் போனான். மாடி வீடு. படிக்கட்டு வெளியே இருக்கிறது, கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போவது வழக்கம். அவன் எனக்குக் காபி எடுத்துவர உள்ளே போவான். அந்த நேரத்தில் நாற்காலியைக் காலால் ஒரு விரற்கடை தள்ளுவேன். நல்ல கனம். அவன் மனைவி பவதாரிணி அதை அசைக்காமல் சுற்றித்தான் பெருக்குவாள். அதனால் வேலை கெடவில்லை.

ஏழு வாரம் ஒன்றுமில்லை. எட்டாவது வாரம் பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த நிறைவை எந்தக் கைதட்டலும் தந்ததில்லை.

பிறகு அவன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். பவதாரிணி தெரியாமல் துடைத்துவிட்டாள். டேப் வைத்து அளந்தான். நீங்களே நகர்த்திவிட்டு நீங்களே அளக்கிறீர்கள் என்று அவள் அழுதாள். அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. உங்கள் கதை என் மண்டையில் ஏறிவிட்டது என்று என்னிடமே சொன்னான். நாற்காலியைத் தூக்கி வெளியே போடச் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். போட்டால் பைத்தியம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றான்.

ஆறாவது மாதம் பவதாரிணி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். போகும்போது எனக்குப் போன் செய்தாள். "நீங்க சொன்னாத்தான்ணே அவுக கேப்பாக. அடிக்கடி போயிப் பாத்துக்கங்க." வாக்குக் கொடுத்தேன். அதிலிருந்து புதன்கிழமைகளிலும் போனேன்.

ஒரு புதன்கிழமை அவன் என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். நாலு நாள் தாடி. "அண்ணே, நீங்க சொன்னா நம்புறேன். அது நகருதா, இல்லையா?"

"நகரலைப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் அந்த நாற்காலிக்கு முதுகு காட்டுவதில்லை. கூடத்தை விட்டு எங்கே போனாலும் அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போவான். மாடிப்படி வரைக்கும் அப்படித்தான்.

படியில் கால் தவறி விழுந்தார் என்று எழுதிக் கேஸை மூடிவிட்டீர்கள். ஒன்பது மாத உழைப்பு ஒரு வரியில் முடிந்துவிட்டது. மனசாட்சி கேட்கவில்லை, அதனால்தான் நானே வந்தேன்.

கடைசி ஞாயிறு காலை பதினொரு மணி. நல்ல வெயில். டாக்டரைப் பார்த்திருக்கிறான், பத்து நாளாக நன்றாகத் தூங்குகிறானாம். முகம் தெளிந்திருந்தது. பவதாரிணியும் மகளும் மறுநாள் வருகிறார்கள் என்றான். "இப்ப அது வெறும் நாற்காலியாத்தான்ணே தெரியுது" என்று சிரித்தான். அடுத்த படத்தில் ஜனம் பன்னிரண்டு இடத்தில் துள்ளும் என்றும் சொன்னான். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி அடுப்படி வாசலுக்கு நேராக வைத்துவிட்டேன்.

இந்த ஓர் இடத்தை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம் சார். பொறுமையில்லாதவர்கள் செய்கிற வேலை அது. என் பாணியே அல்ல.

திரும்பி வந்தவன் துள்ளிப்போனான். டம்ளர் விழுந்து உருண்டது. சுவரோடு ஒட்டி நாற்காலியைச் சுற்றி வந்து, அதைப் பார்த்தபடியே வீட்டு வாசலைத் தாண்டிப் பின்னால் நடந்தான். படிக்கட்டு நாலு அடி தூரம் இருந்தது. பேர் சொல்லி ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நிலைமையில் இருக்கிற ஒருவனைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் கூப்பிடவில்லை.