பின்பக்கத்துச் சந்து

வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் பந்திக்குப் போகுமுன் எப்படியும் ஒருவர் கேட்பார்: "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" நகரப் புவியியல் என்பேன். "அப்ப எந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறியள்?" என்பார். என் மனைவி சுபோதினிக்குப் பொறுக்காது. "இவர் டொக்டர்" என்று குறுக்கே விழுவாள். "அப்பிடியே? எந்த ஆஸ்பத்திரி?" என்று மனிதர் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆயத்தமாவார். கலாநிதிப் பட்டம் என்று விளங்கியதும் முகம் விழுந்துவிடும். பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர் என்று மூன்று சாதிகளைத்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான்காவதாக ஒருவன் வந்தால் அவனுக்குப் பக்கத்தில் உள்ள கதிரை காலியாகவே கிடக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் நடந்தது ஏன் நடந்தது என்று கேட்கிறீர்கள். வேறெங்கிருந்து தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நகரத்தில் சனம் எங்கே இருக்கிறது, எந்த வழியால் போகிறது வருகிறது, எங்கே நெரிபடுகிறது என்று பார்த்துப் படத்தில் போடுவது என் தொழில். சில காலம் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தேன். பிறகு மருதானையில், ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே, சின்னதாக ஓர் ஆய்வு நிறுவனம் வைத்தேன். பஸ் தரிப்பிடம் எங்கே வரலாம், குப்பை லொறி எந்த ஒழுங்கைக்குள் நுழையும் என்பது மாதிரியான வேலைகள்தான் வந்தன. அங்கேதான் தயாபரன் என்னிடம் சேர்ந்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, பாட்டன் காலத்தில் மலையகத்திலிருந்து துறைமுக வேலைக்கு இறங்கி வந்த குடும்பம். புவியியலில் முதல் வகுப்பு. "இதைப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறேன்னு எல்லாரும் கேக்குறாங்க சேர்" என்றான், முதல் நாளே. எனக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

பிறகுதான் றொஹான் வந்தார். ஒரு பெரிய கட்டட நிறுவனத்தின் பணிப்பாளர். கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி ஒன்று எழுப்பப் போகிறார்கள். அதற்குப் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கையும் படமும் வேண்டும் என்றார். தோட்டம் என்றால் பூந்தோட்டமல்ல. தகரக் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் குடியிருப்புக்குக் கொழும்பில் அந்தப் பெயர். தயாபரன் பிறந்து வளர்ந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். றொஹான் என்னை "டொக்டர் நாகேந்திரம்" என்று அழைத்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. வேலை நல்லபடி முடிந்தால் அவர்களுடைய நகரத் திட்டப் பிரிவுக்கு நானே தலைவர். காலி வீதியில், கடலைப் பார்த்தபடி கண்ணாடி அறை. அன்று பின்னேரம் சுபோதினியிடம் அதையே இரண்டு தரம் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு முன்வாசல். வாசலில் சின்னதாக மாரியம்மன் கோயில், அதை ஒட்டியபடி ஒரு சாப்பாட்டுக் கடை. அம்மனுக்கு முன்னால் பிணம் போகக்கூடாது. அதற்காகத் தோட்டத்தின் முதுகுப்புறம், ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அகலத்துக்குச் சந்து ஒன்று விட்டிருந்தார்கள். இரண்டு பக்கக் கூரைகளும் மேலே முட்டிக்கொண்டதால் வானத்திலிருந்து எடுத்த படங்களில் அது தெரியாது. பழைய நகரப் படங்களிலும் இல்லை. பள்ளிக்கூடம், சந்தை, கலியாணம் என்று எதற்கும் அந்த வழியால் ஒருவரும் போவதில்லை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பின்பக்கம் என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சனத்திடமே தாளையும் பென்சிலையும் கொடுத்து, உங்கள் இடத்தை நீங்களே கீறுங்கள் என்போம். எது அவர்களுக்கு முக்கியமோ அது படத்தில் பெரிதாக விழும். கோயிலடியில் பாய் விரித்து இருத்தினோம். குழாயடி, கோயில், கரம் பலகை வைத்து விளையாடும் மூலை, கடிக்கிற நாய் கட்டியிருக்கும் வீடு என்று எல்லாம் வந்தன. பின்பக்கம் மட்டும் ஒரு தாளிலும் வரவில்லை. தயாபரனைக் கேட்டேன்.

"அத உயிரோட இருக்கிறவன் கையால கீறுனா வீட்டுல இருந்து ஒரு பெட்டி போகும்பாங்க சேர். அதான் யாரும் போடல. நான் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன்" என்று சிரித்தான். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வெளக்கமாத்தாலதான் பூசை. ஆனா போடாம விட முடியாதே சேர். முன்னால அந்தக் கடையில கேஸ் சிலிண்டர அடுக்கி வச்சிருக்காங்க. அது ஒரு நாளைக்குப் பத்திக்கிச்சுன்னா, எங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு வழிதான்."

நல்ல புவியியலாளன் பேசும் பேச்சு அது. அவனிடமே சொன்னேன்.

றொஹான் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சந்தின் மேல் விரலை வைத்தார். அவர்களுடைய வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவு சரியாக அந்த இடத்தில் வந்தது. "இப்படி ஒரு பாதை உண்மையிலேயே இருக்கிறதா, டொக்டர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அழிக்கும்படி அவர் சொல்லவில்லை. மனிதரைக் குற்றம் சொல்லக்கூடாது. சந்து இருந்தால் தோட்டத்துச் சனத்தின் சம்மதம் வேண்டும், அது கிடைக்காது, கட்டடம் நின்றுபோகும், கண்ணாடி அறையும் போய்விடும்.

நான் ஆற அமர யோசித்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் நான் அல்ல. செத்தவர்கள் மட்டும் போகும் பாதை. இருக்கிறவர்களே தங்கள் கையால் போடாத பாதை. தயாபரன் நெருப்பைப் பற்றிச் சொன்னதையும் யோசித்தேன். அது மறந்துபோயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். முன்வாசல் அடைபட்டால் எத்தனை பேர் உள்ளே நிற்பார்கள், யார் முதலில் விழுவார்கள் என்று கணிப்பது நான் படித்த படிப்பு. கணித்தேன். பிறகு, தயாபரன் சாப்பிடப் போயிருந்த நேரம், அவன் கணினியில் அந்தக் கோட்டை அழித்தேன். படத்தின் கீழ் மூலையில் வழக்கமாக என் பெயர்தான் இருக்கும். இந்தத் தடவை வரைந்தவர் தயாபரன் என்று போட்டேன். இளம் ஆட்களுக்கும் இடம் விடவேண்டும்.

சந்துக்குக் குறுக்கே சுவர் எழும்பத் தொடங்கியதும் தயாபரன் பதறியடித்துக்கொண்டு வந்தான். "சேர், பின்னால அடைக்கிறாங்க. நான் போட்டது படத்துல இல்லையா?"

"அதிலை ஒரு கதவு வைப்பினம். நான் கதைச்சனான். நீர் யோசியாதையும்" என்றேன்.

நம்பினான். அம்மாவிடமும் அப்படியே போய்ச் சொன்னானாம்.

சிலிண்டர் பற்றிக்கொண்டது ஒரு மத்தியானம். கடையும் வாசலும் சேர்ந்து எரிந்தன. அந்தச் சனம் உயிரோடு பின்பக்கத்துக்கு ஓடியது அன்றைக்குத்தான். சுவரடியில் கிடந்தவர்களில் தயாபரனின் தங்கை நிஷாந்தினியும் ஒருத்தி. வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை. காய்ச்சல் என்று வீட்டில் நின்றிருந்தாள். சுபோதினி சேலை வாங்குவது அங்கேதான், அவளுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று இந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல. பின்பக்கம் இல்லாததால் பெட்டிகளை முன்வாசலாலேயே கொண்டுபோனார்கள். கரி பிடித்த அம்மனை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பெண்கள் அதைப் பார்த்துத்தான் கூடுதலாக அழுதார்கள். பெட்டிகள் எங்கும் இடிபடாமல் போயின. முன்வாசல் போதுமான அகலம் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். அது சரிதான் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது.

விசாரணை வந்தது. சந்து இருந்ததைத் தெரிந்துகொண்டே மறைத்தது யார் என்று கேட்டார்கள். படத்தின் மூலையில் பெயர் இருந்தது. தயாபரனை விளக்கமறியலில் வைத்தார்கள். நான் போட்டேன், சேரைக் கேளுங்கள் என்று அவன் சொன்னானாம். என்னைக் கேட்டபோது சனம் கீறிய தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். இவற்றில் எங்காவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். சொந்தத் தங்கை இருக்கிற இடத்தை எந்த அண்ணன் அடைப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது உடனே தோன்றியது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

போன கிழமை அவனுடைய அம்மா நாகமணி இந்தக் கண்ணாடி அறைக்கு வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணி வருவித்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மொதப் படத்துல அவன் போட்டிருந்தான்னு சேர் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்களாம். லோயர் சொல்றாரு. உங்களத்தான் சாமி மாதிரி நம்பிக்கிட்டு உள்ள இருக்கான்."

"வாயாலை சொன்னால் காணாது அம்மா. உங்கடை ஆக்கள் ஒருத்தரும் அதைக் கீறேல்லை எண்டதுதான் இப்ப பிரச்சினை. நீங்களே கீறித் தாங்கோ. நான் கோர்ட்டிலை குடுக்கிறன்."

தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினேன். அவள் கீறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கீறாவிட்டால் அவளே எழுந்து போய்விடுவாள். நான் மறுத்ததாக இருக்காது.

கோயிலைப் போட்டாள். குழாயடியைப் போட்டாள். தன் வீட்டைப் போட்டாள். பின்பக்கம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணு போயிட்டா. இருக்கிறது அவன் ஒருத்தன்தான். இதக் கீறுனா அவன் வந்துருவானா சேர்?"

"ஓம், வருவான்."

மாரியாத்தா என்று முணுமுணுத்தபடி கீறினாள். கோடு நேராக விழுந்தது. அதைத் தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். பிறகு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெறும் பென்சில் கோடு. ரப்பருக்கு அது ஒரு வேலையே அல்ல. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிகிறது, ஆனால் நான் அவ்வளவு கல்நெஞ்சன் அல்ல. அவள் தன் கையால் கீறிவிட்டாளே, அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிள்ளை, அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் அழித்தேன்.