கத்தாரிலிருந்து வந்த கெசட்

— ஊதின வயிறு இன்னும் வத்தல்லயே, ஹாஜறா.

— எப்பிடி வத்தும், சுபைறா மதினி? ஏழு மாசமா இந்தக் கூத்துத்தானே. திண்டாச் சத்தி, திண்ணாட்டிக் குத்து. காலத்தால குடிச்ச கஞ்சியும் கிணத்தடியில வாந்தியாப் போயிட்டு.

— ஏழு மாசம். ஊரும் அதத்தான் புள்ள எண்ணுது.

— ஒங்கட தம்பி என்ன உட்டுட்டுக் கத்தாருக்குப் போய்ப் பதினாறு மாசம். அதையும் எண்ணுதாமா?

— எண்ணுறதாலதான் கதைக்கிது. எனக்குச் சந்தைக்குப் போக ஏலாம இரிக்கி. மீன் விக்கிறவன் கூடச் சுகம் விசாரிக்கிற மாதிரி ஒன்னக் கேக்கிறான்.

— போன மாசம் மருத்துவிச்சியக் கூட்டிக்கு வந்தீங்களே. தடவிப் பாத்துட்டு, புள்ள இல்ல எண்டு ஒங்கட மொகத்துக்கு நேரதானே சொன்னா.

— அவ ஒன்ட உம்மாக்குச் சொந்தம்.

— கல்முனைக்குடியில ஆரு ஆருக்குச் சொந்தமில்ல?

— சரி, அத உடு புள்ள. ஆசுபத்திரியில வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினாங்களே ஒரு சதைத்துண்டு, அதுக்கு ரிப்போட் எப்பயாம்?

— ரெண்டு கிழமை எண்டாங்க. பஸ் ஓடல்ல, ரோட்டு பூட்டு எண்டு ஆறு கிழமை இழுத்தாங்க.

— பத்து மாசம் போனா ரிப்போட் இல்லாமலே தெரியும்.

— தெரியும். பெத்தாலும் தெரியும், மௌத்தானாலும் தெரியும்.

— என்னோட கோவிச்சி என்னத்துக்கு புள்ள? தம்பி டேப்புல பேசி ஒரு கெசட் அனுப்பியிரிக்கான்.

— எனக்கா?

— எனக்கு. போட்டுக் கேட்டுட்டன். ரெண்டு பக்கமும் பேசியிரிக்கான். வருத்தம் எண்டு ரிப்போட் வந்தா, முதல் பக்கத்த ஒனக்குப் போட்டுக் காட்டட்டாம். பயப்பிடாத, லீவு எடுத்துக்கு ஓடி வாறன் எண்டு நல்ல மாதிரித்தான் கதைக்கிறான்.

— மத்தப் பக்கத்துல?

— ஊரு கதைக்கிறது உண்மை எண்டு வந்தா அதப் போடட்டாம். தலாக். மூணு தரமும் சொல்லிட்டான் புள்ள.

— ரெண்டையும் ஒரே இருப்பில இருந்தா பேசினாரு?

— எனக்கென்ன தெரியும்? இடையில தேத்தண்ணி குடிக்கிற சத்தம் கேக்கிது.

— தேத்தண்ணி.

— கெசட் என்ட பேக்குக்குள்ளதான் இரிக்கி. ஆனா ரிப்போட் வராம நான் எந்தப் பக்கத்தையும் போடமாட்டன். அது தம்பிட சொல்லு.

— ரிப்போட் நேத்தே வந்திட்டு மதினி. இந்தா தலகாணிக்குக் கீழ இரிக்கி, கொண்டுபோய் ஊருக்குக் காட்டுங்க. குடலுக்குள்ள கட்டி எண்டு எழுதியிரிக்கி. இப்ப அந்தக் கெசட் போடுற ரேடியோவ இங்கால இழுத்து வைங்க. மத்தப் பக்கத்தப் போடுங்க.