சிறகு எழுதுகிறவள்

இந்த வருடம் மழை தள்ளிப் போனதால் ஆட்டுச்சாணம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஈரச்சாணத்தில் சுட்டால் பானையில் புகைத்திட்டு விழும்.

மார்வின், நீ போலீஸ்காரன் என்றாலும் எங்கள் குலத்துப் பிள்ளை. உனக்குத் தெரியும்: பானை வனைவது நான், அதில் பறவைச் சித்திரம் எழுதுவது என் தங்கை ஆர்லா. யுக்கா என்ற பாலைச்செடியின் இலை நுனியை மென்று நாராக்கி, அதைத் தூரிகையாக வைத்து எழுதுவாள். அம்மா போனபின் மலைமேல் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டோடு இருக்கும்போதே, தான் விரும்பிய ஹாரிசனைக் கட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நானே அதை அறுத்துப் பிரித்தேன்.

"காலை ஊனினா எலும்பு விலகிடுமாம்டி. டாக்டர் சொல்லி அனுப்பினாரு."

நம்பினாள். ஹாரிசன் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் விழிக்க அவளுக்கு விருப்பமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

பக்கத்து வீட்டு ரீனா கேலி செய்வாள்: "என்ன யூனிஸ், தங்கச்சிய அடைகாக்கிறியா? குஞ்சு பொரிச்சா சொல்லு." நானும் சிரிப்பேன். அந்த மாதங்களில் ஆர்லா எழுதியதுபோல் வளைந்த அலகும் வால் இறகும் எங்கள் ஊரில் யாரும் எழுதியதில்லை.

ஒருநாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். "அக்கா, வலிக்கவே இல்ல. வாசல் வரைக்கும் போயிட்டு வரட்டா?"

"நாளைக்குப் போகலாம்டி" என்றேன். மதியம் அவள் கண்ணயர்ந்ததும் மாவரைக்கும் கல்லை எடுத்துவந்தேன். அவள் கணுக்காலில், முன்பு முறிந்த இடத்திலேயே போட்டேன். புது இடம் நோகவேண்டாமே என்றுதான்.

"கல்லு எப்படிக்கா விழுந்துச்சு?" என்று அழுதாள்.

"பலகையிலேருந்து உருண்டுடுச்சுடி" என்று தடவிக்கொடுத்தேன்.

அதன்பிறகும் அவள் எழுந்து நிற்கப் பார்த்தபோதெல்லாம் கல் விழுந்தது. கடைசி முறை அவள் விழித்திருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டாள். அந்த அலறலைக் கேட்டுத்தான் ரீனா ஓடிவந்தாள்.

கல்லைப் போட்டது நான்தான். ஒவ்வொரு முறையும்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாயாம். பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல், மார்வின். நான் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.