போன வருஷத்து அஞ்சு ஸ்டார்

– அஞ்சு ஸ்டார்னுதானே தம்பி ஒட்டியிருக்கு. அப்புறம் எதுக்கு பக்கத்துல இருக்கறதைவிட ஏழாயிரம் குறைச்சல்?

– அது போன வருஷத்து ஏசி சார். இந்த வருஷம் கவர்மென்ட்ல ஸ்டாருக்கான கரண்ட் அளவை இறுக்கிட்டாங்க. இப்ப ஒட்டினா அதுக்கு நாலுதான் வரும்.

– ஆனா ஒட்டியிருக்கறது அஞ்சு.

– ஆமா சார். ஒட்டினதுல நாங்க கை வைக்கறதில்ல.

– அப்ப அதையே போடு மஸ்தான். தெனாலிக்கு அனுப்பணும், சம்பந்தி வீட்டுக்கு. எங்க பொண்ணு ஹைமாவுக்கும் மாப்பிள்ளை கிரணுக்கும் சீர்.

– எனக்கு அது வேண்டாம்ப்பா. வேண்டவே வேண்டாம் நான்னா.

– உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன் மாமியார் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஸ்டாரை எண்ணுவாங்க. மூத்த மருமக கொண்டுவந்த ஃபிரிட்ஜுல மூணுதான்னு இன்னமும் சொல்லிக் காட்டறாங்களாம். அஞ்சைப் பார்த்தா வாய் மூடிடும்.

– கரண்ட் பில் வந்ததும் திறந்துடும்.

– அது அவங்க மீட்டர்மா. இங்க பெஜவாடாவுல உட்கார்ந்துக்கிட்டு தெனாலி மீட்டருக்கு நான் ஏன் அழணும்?

– சார், நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஏசி ராப்பகலா ஓடும். இந்த வருஷத்து அஞ்சு எடுத்தா, கூடக் குடுக்கற காசு நாலஞ்சு கோடையில திரும்பிடும்.

– யாருக்குத் திரும்பும்? குடுக்கறது நானு, மிச்சம் பிடிக்கறது அவங்களா?

– சீர் வாங்க வர்ற அப்பாங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க சார்.

– நம்ம வீட்டுக்குன்னா எதை எடுப்பீங்க நான்னா?

– நம்ம வீட்டுக்குன்னா இந்த வருஷத்ததுதான், யோசிக்கவே மாட்டேன். பில் கட்டறவன் நானாச்சே. ஆனா நம்ம வீட்டுல ஏசி எதுக்கு? உங்கம்மா போனதுலேர்ந்து ஹால்லதான் படுக்கறேன். நீயும் போயிட்டா ஒத்த ஆளு. ஃபேன் போதும்.

– போன கோடையிலயும் ஃபேன் போதும்னுதான் சொன்னீங்க. நான் ஆபீஸ்ல இருந்தப்ப நீங்க மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சாங்க.

– கடையில வெச்சு அந்தப் பேச்சு எதுக்கு? அடுத்த கோடைக்குப் பார்த்துக்கலாம்.

– அடுத்த கோடையில யாரு பார்த்துப்பாங்க?

– ஊர்ல பொண்ணைக் கட்டிக்குடுத்த அப்பன் நான் ஒருத்தன்தானா? விடும்மா. மஸ்தான், தெனாலி அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோ.

– வேண்டாம் மஸ்தான் அண்ணா, எங்க பெஜவாடா அட்ரஸ் எழுதுங்க, இந்த வருஷத்ததையே போடுங்க. நான் தெனாலிக்குப் போகலை நான்னா. வீட்டோட மாப்பிள்ளையா வந்துடறேன்னு கிரண் நேத்தே அவங்கம்மாகிட்ட சொல்லிட்டார்.