அமுத்து, புடி, விடு

உக்காருங்க கவுஸ் பாய், அந்த ஸ்டூலு ஆடாது. காரு சாவி எங்கயும் போயிருக்காது, எங்க வூட்டுக்காரரு உள்ள தேடிக்கினு தான் இருக்காரு. நான் தைச்சிக்கினே பேசறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. சாயங்காலம் ஷூ கம்பெனி ஆளு வந்துடுவாரு, இந்த மேல்தோலெல்லாம் முடிச்சுக் குடுக்கணும். ஒரே ஓட்டையில இப்படி ஒரு ஊசி, அப்படி ஒரு ஊசி. கண்ண எடுத்தா விரல்ல ஏறிடும். அதான் உங்க மூஞ்சியப் பாக்காம பேசறேன்.

அவசரமா? ஏலகிரிக்கு நாளைக்குத் தானே? ஓ... இன்னைக்கேவா. உங்க மொதலாளி சாயபு வூட்டுப் பேரப் பசங்களும் வர்றாங்களா? சின்னதுமா?

சரி பாய்.

டீ வெக்கட்டுமா? வாணாமா.

நல்ல வண்டி பாய் சாயபோட இந்தப் பழைய மாரிஸு காரு. நாலு சக்கரத்துலயும் ட்ரம் பிரேக்கு தானாம். எனக்கு இன்னா தெரியும், அஞ்சாவதோட நின்னவ. அவரு கழட்டிப் போட்டாரு, பாத்தேன். குண்டான் மாதிரி ஒரு ட்ரம்மு, உள்ள பிறை மாதிரி ரெண்டு கட்டை. அதுக்குப் பேரும் ஷூவாம்! இந்த ஊர்ல எதுதான் ஷூ இல்லன்னு சிரிச்சேன். பெடல அமுத்துனா ஆயிலு குழாயில ஓடிப் போயி அந்த ரெண்டையும் அகட்டி, ட்ரம்மோட உரச வெக்குது. அந்த உரசல்ல தான் சக்கரம் நிக்குது. குழாயில காத்து இருந்திச்சின்னா போச்சு. ஆயிலு அமுங்காது பாய், காத்து அமுங்கிடும். காலு உள்ள போவும், வண்டி நிக்காது.

அந்தக் காத்த எடுக்க ரெண்டு பேரு வேணும். கூட வேலை செஞ்ச டேனியலு பேரணாம்பட்டுப் பக்கம் போய்ட்டான். நீ வா மாரின்னாரு. நைட்டியோட டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தேன், தெருவே பாக்குது, வெக்கமாப் போச்சு. அவரு சக்கரத்துக்கு அடியில தலைய விட்டுக்கினு அமுத்துன்னுவாரு. அமுத்துவேன். புடின்னுவாரு. புடிச்சிருக்கேன்னு குரல் குடுக்கணும். அப்பதான் சக்கரத்தாண்ட குழாயில இருக்கற நட்ட லேசா தொறப்பாரு, ஆயிலோட காத்து குமிழ் குமிழா வரும். திருப்பி இறுக்கிட்டு விடுன்னுவாரு. அவரு சொல்றதுக்கு முன்னாடி கால எடுத்தா வெளிக்காத்த உள்ள இழுத்துக்கும்.

அவருக்கு அங்கேர்ந்து என் காலு தெரியாது பாய். குரல் மட்டும் தான்.

டேனியலவிட என் பொண்டாட்டி மேலுன்னு டீக்கடையில எல்லாம் சொல்லிட்டு வந்திருக்காரு. உங்ககிட்டயுமா? ஐயோ.

இல்ல பாய், அழுவல. தோலு வாசனை, கண்ணு எரியுது.

எங்க பாப்பாவ எங்கம்மா வூட்ல விட்டுட்டு வரச் சொல்லித் தான் சொன்னாரு. நான் தான், தூங்கறா, விடுங்கன்னேன். நேத்து கடைசி சக்கரம் பண்ணும்போது. எந்திரிச்சித் தவழ்ந்து வந்துட்டா பாய். சாமான் தட்டுல கெடந்த சின்ன ஸ்பிரிங்க எடுத்து வாய்க்குக் கொண்டு போறா. கதவத் தொறந்து எட்டிப் புடுங்கிட்டேன். அந்த நேரம் பாத்து அவரு புடின்னாரு. புடிச்சிருக்கேன்னேன்.

காலு பெடல்ல இல்ல.

அப்புறம் மடமடன்னு நாலஞ்சு தபா அமுத்துனேன், பெடலு கல்லு மாதிரி ஏறிக்கிச்சு. அந்தச் சூட்டோட அவரு தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, சூப்பர்ன்னாரு. காலையில அவரு குளிக்கப் போனப்ப நான் தனியா போயி அமுத்திப் பாத்தேன். மொதோ அமுத்துலயே தரை வரைக்கும் போச்சு பாய்.

தையலு தவறுனா பிரிச்சுத் திருப்பித் தைக்கலாம். இத எப்படி அவருகிட்ட சொல்றது? பாப்பாவப் பத்தியும் சொல்லணும். சாயபுகிட்ட வண்டிய இன்னைக்குத் தந்துடறேன்னு வாக்கு வேற குடுத்துட்டாரு. அந்தக் கொண்டை ஊசி வளைவுல பசங்களோட நீங்க எறங்கறத நெனச்சா...

ஏங்க? தோ வர்றேங்க! ஐயோ, பீரோவெல்லாம் நகத்தாதீங்க! கூப்புடறாரு பாய், இந்தத் தோலக் கொஞ்சம் புடிங்க, சாவி இதுக்கு அடியில என் மடியில தான் காலையிலேர்ந்து