நண்டுக்கு வழிவிட்ட வாவி

வாவிக் காற்று வாசல்வரை வந்து வரவேற்கும் இந்த மாலைப்பொழுதில், அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அப்துல் மஜீத் அவர்களே, முன்வரிசையை முழுதாய் முற்றுகையிட்டிருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைக்க வந்த அன்னையரே, களுதாவளையிலும் காத்தான்குடியிலும் ஏறி ஒரே பஸ்ஸில் வந்திறங்கிய இளையோரே, அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் ஜெயராஜா. சற்றுமுன் நீங்கள் பார்த்த கார்ட்டூன் குறும்படத்தில் நண்டுக்குக் குரல் கொடுத்தவன். கைதட்ட வேண்டாம், அந்த நண்டுக்கு ஏற்கெனவே கர்வம் அதிகம். இன்று நான் நண்டைப் பற்றிப் பேச வரவில்லை. நண்டு நடந்த மணலைப் பற்றிப் பேச வந்தேன்.

கையால் வரைந்த பழைய கார்ட்டூன் குறும்படங்களை எத்தனை தடவை பார்த்திருப்போம்? துரத்தியவனை அறிவோம், ஓடியவனை அறிவோம். அவர்கள் ஓடிய தெருவை வரைந்தவர் யார்? விழுந்தவனைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் விழுந்த பள்ளத்தாக்கின் மேல் அந்திச் செம்மையை அப்பிய விரல்கள் யாருடையவை? வரிசையாய்ப் பல கதவுகள் இருந்தால், திறக்கப்போகும் கதவு எதுவென்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவோமே, எப்படி? ஓம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள். அதன் நிறம் வேறு. அசையாத கதவுகள் பின்னணித் தாளில் நீர்வண்ணத்தில் கரைந்து கிடக்கும். அசையும் கதவு தனியே ஒளிபுகும் தாளில் தட்டையாய்ப் பூசப்பட்டிருக்கும். அதைப் பின்னணியின் மேல் வைத்துத்தான் ஒவ்வொரு படமாய் எடுத்தார்கள்.

நம் களுதாவளைச் சதீசனும் இந்தப் படத்தை அப்படித்தான் எடுத்தார். நண்டை அவர் வரைந்தார். பின்னணியில் வரும் வாவியைக் காத்தான்குடி சஹ்லா வரைந்தார். முதன்முதலில் தேற்றாத்தீவில் போட்டுக் காட்டினோம். நண்டு விழுந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. நண்டு அழுதது, அதாவது நான் அழுதேன், ஒருவரும் கேட்கவில்லை. சனமெல்லாம் திரையின் மூலைக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தது.

“இது நம்மட பழுகாமத்துத் துறைகா.”

“இல்லகா, அந்தக் கண்டல் மரம் மற்றக் கரையில நிக்கிறது.”

படம் முடிந்தது, வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு இலையும் அழகு, ஒவ்வொரு அலையும் அழகு. அந்த அழகுக்குள் நண்டைக் காணவில்லை. தன் ஊர்த் தண்ணீரைக் கண்டதும் கதையைக் கோட்டைவிடும் சனம் வேறெங்கு உண்டு?

சதீசனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது சரிவராது சஹ்லா. நான் கொம்பியூட்டர்ல வெறும் நீலத்தப் பூசிப் போடுறன்.”

“ஒருக்கா மட்டும் பொறுங்க,” என்றார் சஹ்லா. “நான் திருத்துறன். அதுக்குப் பிறகும் சனம் நண்டப் பாத்துச் சிரிக்காட்டி, இனி நான் பின்னணி வரையமாட்டன்.”

இப்படியொரு கையை நாம் இழப்பதா?

அவர் என்ன செய்தார்? புதிதாய் எதையும் சேர்க்கவில்லை, எடுத்தார். நண்டு நடக்கும் வழியில் நின்ற கண்டலை எடுத்தார். மீன்வலைக் கம்புகளை ஓரத்துக்கு ஒதுக்கினார். தண்ணீரின் பளபளப்பைத் தணித்தார். ஆசை ஆசையாய் வரைந்ததைத் தன் கையாலேயே குறைத்தார். வரையத் தெரிந்தவர் பலர் உண்டு. எங்கே வரையாமல் விடவேண்டுமென்று தெரிந்தவர் எத்தனை பேர்?

இன்று நண்டு விழுந்தபோது இந்த மண்டபம் குலுங்கியது. அப்போது நான் சஹ்லாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சிரிக்கும் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது.

அன்பர்களே, அந்தக் கையால் இன்னும் வரட்டும். களுதாவளைக் கடல் வரட்டும், பழுகாமத்து வயல் வட்டை வரட்டும், காத்தான்குடிக் கடைத்தெரு வரட்டும். முன்னால் நிற்பவரைக் கொண்டாடும் நாம், அவர் நிற்க நிலம் தந்தவரையும் கொண்டாடுவோம்.

சஹ்லா, சபை சிரித்துவிட்டது. அடுத்த படத்துக்கு வரைவீங்களா? தலையாட்டினால் ஒலிவாங்கிக்குக் கேட்காது, தங்கச்சி. என்ன சொன்னீர்கள்? “வரைவன் அண்ணன், அடுத்த முறை நண்டு கொஞ்சம் மெல்லமாக் கத்தட்டும்” என்கிறார். சபையோரே, இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

வந்து, அமர்ந்து, வாய்விட்டுச் சிரித்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. சதீசன் இப்போது நண்டை எடுத்துவிட்டு, வாவியை மட்டும் திரையில் வைப்பார். நானும் வாயை மூடிக்கொள்கிறேன். ஆற அமரப் பாருங்கள். வணக்கம்.