கை எண்ணுகிற நேரம்

– இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ, தம்பி. பெட்சீற் தொய்யுது.

– பின்னுக்குச் சுவர், செசீலியா அக்கா.

– அப்ப இழுத்துப் பிடி. ம். இனி உன்ரை முனை ரெண்டையும் என்னட்டைக் கொண்டு வா.

– மேலை வீட்டிலை போய்க் கதைப்பமே? இந்த உடுப்புத் தோய்க்கிற மெஷின் சத்தத்திலை நான் சொன்னது ஒண்டும் உங்களுக்குக் கேட்டிருக்காது.

– கேட்டது. சனிக்கிழமை கட்சிக் கூட்டம். கன்டோன் பாராளுமன்றத்துக்கு, இந்த மாநிலத்தின்ரை சபைக்கு, ஆரை நிப்பாட்டுறது எண்டு கை தூக்கித் தெரிவு செய்யப் போகினம். நான் வந்து உனக்குத் தூக்கோணும். மேலை போனால் என்ரை தோய்க்கிற முறை போயிடும், சிந்து. ரெண்டு கிழமைக்கு ஒருநாள் தான் எனக்கு இந்த அறை. கொஞ்சம் பிந்தினால் மூண்டாம் மாடி மனிசி என்ரை ஈர உடுப்பை வெளியிலை எடுத்து வைச்சிட்டுத் தன்ரையைப் போட்டிடும்.

– அதுவும் சரிதான்.

– உனக்கு எல்லாம் சரிதான். இந்தா, அடுத்ததைப் பிடி.

– நோட்டீஸ் பாத்தனீங்களோ?

– பாத்தன். பல்லு டொக்டர் மாதிரிச் சிரிக்கிறாய். கீழை ‘பாலம் கட்டுவோம்’ எண்டு கிடக்கு. எங்கடை ஓல்டன் ரவுணிலை ஏற்கெனவே பாலம் கிடக்குத் தானே. மரத்திலை, கூரையும் போட்டு.

– அது ஒரு கருத்து அக்கா. ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிறது. இடது பக்கம் நிக்கிறவை என்னை வலது எண்டினம். வலது பக்கம் நிக்கிறவை என்னைத் தமிழன் எண்டினம். எங்கடை ஆக்கள் என்னை வெள்ளைக்காரன் எண்டினம்.

– நீ என்ன சொல்லுறாய்?

– அதுவும் சரிதான் எண்டுறன்.

– சிரிக்காதை. தலையணை உறை விழுது.

– கட்சிப் பட்டியலிலை கடைசி இடத்துக்கு நானும் லேயாவும் தான் போட்டி, அக்கா. இளம் ஆக்கள் எல்லாம் லேயாவோடை. மற்ற எல்லாம் சரி பாதி. மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு வாறவையிலை கட்சி அங்கத்தவர் எல்லாரும் உங்களைத் தான் பாப்பினம். நீங்கள் தூக்கினால் அவையும் தூக்குவினம்.

– லேயா கோயிலுக்கு வந்தவள், போன ஞாயிறு. பிரஜாவுரிமை எடுக்கிறதை லேசாக்கோணும் எண்டு சொன்னவள். ஆர்ப்பாட்டமில்லாமல் சொன்னவள். நல்ல பிள்ளை.

– நல்ல பிள்ளை தான். ஆனால் அப்பிடி ஒரேயடியாய்க் கேட்டால் ஒண்டும் கிடைக்காது. மெல்ல மெல்லத் தான் போகோணும். நான் உள்ளை போனால் எல்லாப் பக்கத்தாரோடையும் இருந்து கதைப்பன்.

– கதைப்பாய்.

– இந்த முறை போனால் எனக்கு இனி இல்லை. கட்சியிலை சொல்லிப்போட்டினம். இதுக்காக வேலையையும் பாதியாக்கிப் போட்டன். ஒரு கை எண்டாலும் எனக்குப் பெரிசு அக்கா.

– ஒரு கை எவ்வளவு பெரிசெண்டு எனக்குத் தெரியும், தம்பி.

– பேர்சி அண்ணை இருந்திருந்தால் நான் வந்து கேக்கவே தேவையில்லை.

– இல்லைத் தான். என்ரை மனிசன் வெள்ளணவே போய்க் கதிரை போட்டிருப்பார். முடிய நிண்டு அடுக்கி வைச்சிட்டு வந்திருப்பார். உன்ரை எந்தக் கூட்டத்தை விட்டவர்?

– போஸ்டர் முழுக்க அவர் தானே கட்டினவர்.

– தூணிலை உன்ரை படத்தைக் கட்டிப்போட்டு, ஏணியாலை இறங்கி, றோட்டுக்கு அங்காலை போய் நிண்டு பாப்பார். உன்ரை தலை சரிஞ்சு கிடந்தால் திரும்பவும் ஏறுவார். நான் கீழை ஏணியைப் பிடிச்சபடி பேசுவன். வோட் இல்லாத மனிசனுக்கு இவ்வளவு ஆசை ஏன் எண்டு.

– அதுக்குத் தானே பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்.

– உனக்கு வோட் போடத் தான் போட்டவர். நானும் பிள்ளையளும் முதலே எடுத்திட்டம். அவர் இரவு வேலை, பாஷையும் வராது, எனக்கென்னத்துக்கு எண்டு இருந்தவர். பிறகு எங்கையோ கேள்விப்பட்டிட்டார், வோட்டுச் சீட்டிலை ஒரே பேரை ரெண்டு தரம் எழுதலாமெண்டு. அதுக்குப் பிறகு சாப்பிடேக்கயும் அதே கதை. ‘செசீலியா, இந்த நாட்டிலை ஒருத்தனிலை விருப்பமெண்டால் அவன்ரை பேரை ரெண்டு தரம் எழுதலாமாம்.’

– அக்கா, இப்ப ஏன் அதை…

– நீ தான் அவற்றை பேரை எடுத்தாய். சரி, கேக்கிறன். அண்டைக்கு என்ன நடந்தது?

– சொன்னனான் தானே.

– பாதி பாதியாய்ச் சொன்னனீ. இப்ப சொல்லு. கையிலை இருக்கிறதை மடிச்சுக்கொண்டே சொல்லு.

– நகரசபையின்ரை பிரஜாவுரிமைக் கொமிஷனிலை நானும் ஒரு ஆள். நெருங்கின ஆக்களின்ரை விண்ணப்பம் வந்தால் எழும்பி வெளியிலை போகோணும். அது ஒழுங்கு. பேர்சி அண்ணையின்ரை வந்தது. நான் போனன். மிச்சம் ஆறு பேர். மூண்டுக்கு மூண்டு. சமனெண்டால் இல்லையெண்டு தான் முடிவு.

– காரணம் என்னவாம்?

– இந்த ஊர் ஆக்களோடை கலக்கேல்லையாம். ஒரு சங்கத்திலையும் இல்லையாம்.

– கேட்டவையாம் அவரை, ஓய்வு நேரத்திலை என்ன செய்யிறனீங்கள் எண்டு. வீட்டிலை இருக்கிறன் எண்டிட்டு வந்தவர். ஏன் பேர்சி, இத்தினை கூட்டத்துக்குக் கதிரை போட்டதைச் சொல்லியிருக்கலாமே எண்டன். ‘சிந்து அங்கை இருக்கிறான், அவன் தன்ரை ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கிறான் எண்டு அவனுக்குக் கெட்ட பேர் வரும்’ எண்டார்.

– அது எனக்குத் தெரியாது.

– தெரிஞ்சிருக்காது. நீ வெளியிலை எல்லே நிண்டனீ.

– அக்கா, நான் சொன்னனே, ஒழுங்கு அப்பிடி.

– நெருங்கின ஆக்கள் எண்டால் ஆர்? நீ யாழ்ப்பாணம். நாங்கள் மன்னார், வேதக்காரர். என்ன சொந்தம்?

– ரத்தச் சொந்தமில்லைத் தான். ஆனால் அம்மா வேலைக்குப் போகேக்க உங்கடை வீட்டிலை தானே நான் சாப்பிட்டு வளந்தனான். குடும்பம் மாதிரி எண்டு சொன்னன்.

– அங்கை சொன்னியோ? குடும்பம் எண்டு?

– ஓம்.

– கேக்கச் சந்தோசமாய்க் கிடக்கு. அப்ப செத்தவீட்டிலை அது எங்கை போனது?

– அக்கா…

– பெட்டி தூக்க ஒரு ஆள் குறைஞ்சது. தூக்க நிண்ட கிருபாகரன் வந்து உன்னைக் கேட்டவன். நான் நகரசபை சார்பிலை வந்திருக்கிறன் எண்டு சொன்னியாம். கடைசி வாங்கிலை இருந்தபடி, கோட்டோடை.

– கட்சி ஆக்கள் வந்திருந்தவை. பேப்பர்காரனும் நிண்டவன். நான் ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி…

– பெட்டிக்கு என்ன பக்கம், தம்பி? தலைப் பக்கம், கால் பக்கம். கால் பக்கம் தான் ஆள் இல்லை. பிறகு லூக்காஸ் எண்டொரு பெடியன் தூக்கினவன். பார்சல் பிரிக்கிற மண்டபத்திலை இவரோடை நிண்டு வேலை செய்தவன். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. செபம் முடியுமட்டும் அழுதவன்.

– அது பிழை தான். செத்தவீட்டிலை நான் செய்தது பிழை. ஆனால் கொமிஷனிலை எனக்கு வேறை வழி இருக்கேல்லை.

– இருந்தது. ரத்தச் சொந்தம், கலியாணச் சொந்தம் எண்டால் தான் எழும்போணுமாம். நீ இரு, கட்டாயமில்லை எண்டு உன்னோடை கொமிஷனிலை இருக்கிற எலேனா சொன்னவவாம். ரெண்டு தரம் சொன்னவவாம். நீ தண்ணிப் போத்திலையும் எடுத்துக்கொண்டு போனியாம்.

– எலேனாவோ? கொமிஷனிலை நடந்ததை அவ வெளியிலை கதைக்கக் கூடாது.

– நீ இப்ப அதைத் தான் பிடிக்கிறாய்.

– இல்லை அக்கா. நான் அங்கை இருந்து கை தூக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பினம்? தமிழன் தமிழனுக்குத் தூக்கிறான் எண்டு. அடுத்ததாய் வாற தமிழ் ஆக்களின்ரை விண்ணப்பத்துக்கு நான் வாய் திறக்கேலாமல் போயிருக்கும். எல்லாரையும் யோசிச்சுத் தான் போனன்.

– அதுவும் சரிதான்.

– அப்பிடிச் சொல்லாதேங்கோ.

– ஏன்? உன்ரை சொல்லுத் தானே.

– திருப்பியும் விண்ணப்பம் போடலாமெண்டு நான் தானே அண்ணைக்குச் சொன்னனான். அடுத்த முறை வெல்லும் எண்டு நம்பினனான். அவருக்கு அப்பிடி நடக்குமெண்டு நான் கண்டனோ?

– ஒருத்தரும் காணேல்லை. வேலைக்கு எண்டு வெளிக்கிட்டவர். பாணுக்கு வெண்ணெய் பூசிக் குடுத்து விட்டனான்.

– எலேனா உங்களுக்கு எப்ப சொன்னவ? செத்தவீட்டிலையோ?

– எனக்கில்லை. அவருக்குச் சொன்னவ. முடிவு வந்த கிழமை, சந்தையிலை கண்டு, கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டவவாம். தான் கை தூக்கியும் போதாமல் போச்சு எண்டு.

– பேர்சி அண்ணைக்குத் தெரியுமோ?

– தெரியும்.

– இல்லை. அதுக்குப் பிறகும் அவர் என்ரை கூட்டத்துக்கு வந்தவர். எனக்கு நல்ல ஞாபகம். என்ரை தோளிலை தட்டிப்போட்டுப் போனவர்.

– வந்தவர். நான் கதவிலை நிண்டு போகவேண்டாமெண்டு மறிச்சனான். ‘விடு செசீலியா, அவன் கஷ்டப்படுற பெடியன். எனக்குத் தெரியுமெண்டு அவனுக்கு விளங்கினால் அவனாலை பேசேலாமல் போயிடும்’ எண்டார். பிறகு கண்ணாடிக்கு முன்னாலை போய் நிண்டார். நான் என்ன பாக்கிறீங்கள் எண்டன். முகம் சரியாய் இருக்குதோ எண்டு பாக்கிறன் எண்டார். பிடி, தம்பி. நிலத்திலை விடாதை. தோய்ச்சது.

– அக்கா.

– அழாதை. மூண்டாம் மாடி மனிசி வரப் போறா. மூக்கைத் துடை. அதிலை இல்லை, அது தலையணை உறை. இந்தா.

– நான் போறன். நீங்கள் சனிக்கிழமை வரவேண்டாம் அக்கா. நான் உங்களட்டைக் கேட்டே இருக்கக் கூடாது.

– ஆர் வரேல்லை எண்டது? வருவன். அவர் இல்லாமல் கதிரையை ஆர் போடுறது?

– உண்மையாய் வாறீங்களோ?

– வெள்ளணவே வருவன். வரிசை வரிசையாய்ப் போடுவன், அவர் போடுற மாதிரி. பிறகு முன்னுக்கு இருந்து உன்ரை பேச்சு முழுக்கக் கேப்பன். கோயில் ஆக்களையும் கூட்டிக்கொண்டு தான் வருவன்.

– கை…

– கேள். கேக்க வந்ததைக் கேட்டிட்டுப் போ.

– எனக்குத் தூக்குவீங்களோ, அக்கா?

– கை எண்ணுற நேரம் நான் எழும்பி வெளியிலை போய் நிப்பன், தம்பி. குடும்பம் எண்டு சொல்லிப்போட்டு.